படலையில் நின்றவன்

யோகலிங்கத்தாரின் நாவல் வெளியான மறுநாள் காலை, அதன் மூன்றாம் அத்தியாயத்தில் இழவு சொல்ல வந்த மனிதன் விசுவமடுவில் அவருடைய வீட்டு வாசல் படலையடியில் சைக்கிளைப் பிடித்தபடி நின்றான். காடு வெட்டிக் கழனியாக்கிய தம் பரம்பரையின் பெருமையை எழுதிய அந்நூலில், பெரியப்பாவின் மரணச் செய்தியை மாங்குளத்திலிருந்து கொண்டுவர ஓர் ஆள் தேவைப்பட்டது. ஒரு வரியில் வந்தான், சொன்னான். அடுத்த வரியிலிருந்து குடும்பம் அழத் தொடங்கிவிட்டதால் அவனைத் திருப்பி அனுப்ப யோகலிங்கத்தாருக்கு நினைவு வரவில்லை.

இழவு சொல்ல வருகிறவரை உள்ளே கூப்பிடுவதும் இல்லை, இருக்கச் சொல்வதும் இல்லை. அவரும் 'போட்டு வாறன்' என்று சொல்லாமல் திரும்பிவிடுவார். இவனோ திரும்பவில்லை. அந்த அத்தியாயம் பங்குனி வெயிலில் நடப்பதால் மார்கழி மழையிலும் அவன் சட்டை நனையவில்லை, வியர்வைதான் வழிந்தது. தபால்காரர் அவனைச் சுற்றிப் போகப் பழகிக்கொண்டார். மாடுகளும் பழகிக்கொண்டன. கலியாணம் பேச வந்தவர்கள்தான் பழகவில்லை. மகள் தயாளினிக்கு வந்த முதல் சம்பந்தக்காரர் வான் வண்டியை விட்டு இறங்காமலே திரும்பினார்கள். இரண்டாவது இடம் மல்லாவிச் சந்தியிலேயே கேள்விப்பட்டுத் திரும்பிவிட்டது. தயாளினிக்கு முப்பத்திரண்டு வயதானது.

"அந்த மனுசனுக்கு ஒரு பேராவது வைச்சிருக்கலாமேயப்பா," என்றார் மனைவி ராஜினி.

"எங்கட பரம்பரைக் கதையில வாறவன் போறவனுக்கெல்லாம் பேர் வைக்கேலுமோ?"

"அவர் எங்க போனவர்? நிக்கிறார். உங்கட பிள்ளையும் அவரோடதான் நிக்கிறாள்."

யோகலிங்கத்தார் சாய்மனைக் கதிரையிலிருந்து எழுந்தார். தம் பிரதியை எடுத்து, அந்த வரிக்குப் பக்கத்தில் 'அவன் போனான்' என்று பேனையால் எழுதினார். அவன் சைக்கிளில் ஏறிப் போனான். பின்னேரம் அதே இடத்தில் நின்றான்.

"ஏன் வந்தனி?"

"போனனான் ஐயா. மாங்குளம் முழுக்கச் சுத்தினனான். ஒரு படலையும் என்ர படலை இல்லை. உங்கட படலை ஒண்டைத்தான் எனக்குத் தெரியும்."

அவன் குறையாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னான். யோகலிங்கத்தாருக்கும் களைப்பாகவே இருந்தது. தம் முன்னோர் வெட்டிய காட்டில் ஓரடியைக்கூட அவர் புத்தகத்தில் பிறத்தியாருக்குக் கொடுத்ததில்லை. அன்று ஒரு வெள்ளைத் தாளை அளவாக வெட்டி, அந்தப் பக்கத்தோடு ஒட்டி, எழுத உட்கார்ந்தார். தங்கராசா என்று பேர் வைத்தார். மாங்குளம் ரயில் ஸ்ரேசனுக்குப் பின்னால் ஒரு வீடும் நாலு தென்னையும் கொடுத்தார். கமலாட்சி என்றொரு மனைவியை எழுதும்போது, கொஞ்சம் வாய்க்காரியாக இருக்கட்டும், மனுசன் தனிமை அறியாமல் இருப்பான் என்று தோன்றியது. அதையும் எழுதினார்.

படலை வெறுமையானது. மாங்குளத்தில் ஸ்ரேசனுக்குப் பின்னால் நேற்றுவரை பற்றைக்காடாகக் கிடந்த காணியில் வீடு இருந்தது. அயலவர்கள் ஆச்சரியப்படவில்லை. கமலாட்சியோடு வேலித் தகராறு பல வருடமாக நடக்கிறது என்றார்கள்.

ஆவணியில் பூவரசங்குளத்து மாப்பிள்ளைக்குத் தயாளினியைக் கட்டிக்கொடுத்தார்கள். மண்டபத்துக்குத் தங்கராசா வேட்டி சால்வையோடு மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் அமர்ந்தார். எந்த ஊர், எந்த வழி என்று ஒன்றும் பிடிபடாத மாப்பிள்ளையின் தகப்பன், அவர்கள் யார் என்று யோகலிங்கத்தாரிடம் மெல்லக் கேட்டார். யோகலிங்கத்தார் அப்போது தம் வாயில் வந்த வார்த்தையை வாழ்நாளில் இரத்த உறவுக்கு வெளியே யாருக்கும் சொன்னவர் அல்ல.

"எங்கட ஆக்கள்தான்," என்றார்.

சம்பந்தி தலையசைத்தார். கமலாட்சி பாயசத்தில் சீனி போதாது என்று சத்தமாகவே சொன்னாள். பிறகு இருவரும் கடைசி பஸ்ஸில் மாங்குளத்துக்குப் போனார்கள்.