மல்லாந்த பரிசல்கள்

விடிவதற்குள் மீன் பெட்டிகளுக்கு ஐஸ் உடைத்துக் கொட்டியாக வேண்டும். தீர்த்தம்மாளின் விரல்கள் மரத்துப்போயிருந்தன. காவிரி செந்நிறமாகச் சுழித்து இரைந்தது. போன மாதம் இப்படியொரு வெள்ளத்தில்தான், போகமாட்டேன் என்ற அவள் புருஷன் சென்னப்பனை மிரட்டி அனுப்பினார் மீன் குத்தகைக்காரர் ராஜாமணி, புண்ணியவான். பரிசல் மட்டும் பாறையில் ஒதுங்கியது. அவன் உடல் கிடைக்கவேயில்லை.

கரையேறினால் பரிசலைக் கவிழ்த்து வைப்பார்கள். ஆற்றோடு போனவனின் பரிசலை மட்டும் அவன் உடல் கிடைக்கும்வரை மல்லாத்தி வைப்பது அந்தக் கரையின் வழக்கம். மழை பெய்தால் வீட்டுக்காரி தண்ணீரை இறைத்துவிட வேண்டும். சென்னப்பனே உள்ளே குனிந்து இறைக்கும் சத்தம் அவளுக்குத் தூக்கத்திலும் கேட்டது.

ராஜாமணியின் மீன்கடைச் சுவரில் படம் வரைய தருமபுரியிலிருந்து வந்திருந்த அன்வர் பாஷா, முந்தின நாள் பொழுதோடு வேலையை முடித்திருந்தார். வெளிச்சம் வந்ததும் பெண்கள் பார்த்தார்கள். ஆறு, கரை, வரிசையாகப் பரிசல்கள். சென்னப்பனின் பரிசல் கிடந்த கோலம் வெளியூர்க்காரர் கண்ணுக்கு அழகாகப் பட்டிருக்கிறது. அத்தனையையும் மல்லாத்தியே வரைந்துவிட்டார்.

படத்திலிருந்த அந்தக் கரையில் ஓர் ஆணும் மிச்சமில்லை. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள்.

விவரம் தெரிந்து பாஷா பதறினார். "தெரியாம பண்ணிட்டேம்மா. இப்பவே அழிச்சிடறேன்."

"இருக்கட்டும் பாய்" என்றாள் தீர்த்தம்மாள்.

ராஜாமணி வந்தார். கரையில் நின்ற பரிசல்காரர்களைப் பார்த்தார். "என்ன ஒப்பாரி? ஆண்டி, உன் பரிசல் ஓட்டையின்னியே, சென்னப்பனோடத எடுத்துக்கினு கெளம்பு. பெங்களூர் லாரி நிக்குது."

"தண்ணி ஏறுதுங்க. வடியட்டுங்க."

"பயந்தவன் நாளையிலருந்து இந்தப் பக்கமே வரவேணாம்."

ஆண்டி தயங்கித் தயங்கிப் பரிசலின் விளிம்பைப் பிடித்தான். தீர்த்தம்மாள் குறுக்கே நின்றாள்.

"அவுரு இன்னும் வூடு வரலைங்க. அதுக்குள்ள இன்னொருத்தர அனுப்புறீங்க. பாய் தப்பா வரையல. உங்க பேச்சக் கேட்டா இந்தக் கரை அப்படித்தான் ஆவும்."

ஆண்டி சுவரைப் பார்த்தான். பிடியை விட்டான். போய்த் தன் பரிசலைப் புரட்டி மல்லாத்தி வைத்தான். அவன் பெண்டாட்டி தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"நான் செத்தவன்னு வச்சிக்குங்க. செத்தவன வேலைக்குக் கூப்பிட முடியாதுங்க."

மற்றவர்களும் ஒவ்வொருவராகத் தங்கள் பரிசலைப் புரட்டினார்கள். வேறு ஆட்களைக் கூட்டிவரச் சொல்லி ராஜாமணி லாரிக்காரனிடம் கத்தினார். வந்தாலும் வருவார்கள்.

மழை பிடித்தது. சென்னப்பனின் பரிசலில் தண்ணீர் இறைக்கும் சத்தம் கேட்டுத் தீர்த்தம்மாள் திடுக்கிட்டுத் திரும்பினாள். ஆண்டியின் பெண்டாட்டி உள்ளே குனிந்து இறைத்துக்கொண்டிருந்தாள்.