புதன்கிழமை கொடுத்த பல் செட்

பேருந்து நிலையத்தில் இருபத்திரண்டு வருஷமாக மைக் பிடித்தவளை எல்லோரும் மைக்கக்கா என்றே கூப்பிட்டார்கள். அந்த வாயில் மேல்வரிசைப் பற்கள் மொத்தமும் ஈறு நோய்க்குக் காவு போன கதை இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவர் பல் மருத்துவர். இன்னொருத்தி முன்பதிவு கவுண்டரில் இருப்பவள், பத்து வயது இளையவள். கணவர் போனபின் தனி ஆளாகிவிட்ட அக்கா அவளைத் தங்கச்சி என்பாள். வெறும் பேச்சுக்கு அல்ல, மனசாரத்தான்.

பல் செட்டின் நிறம் பார்க்கவும் தங்கச்சிதான் கூடப் போனாள். அக்கா பளீர் வெள்ளையில் கை வைத்ததும் பதறிவிட்டாள்.

"ஐயோ அக்கா, அதைப் போட்டா நீங்க வர்றதுக்கு முன்னாடி பல்லு வந்து நிக்கும். லேசா மஞ்சள் கலந்ததை எடுங்க, கீழ்ப்பல்லோட ஒத்துப்போகும்."

சரியாகத்தான் சொன்னாள். ஒரு ஈ காக்கைக்கும் சந்தேகம் வரவில்லை.

அக்கா அந்தச் செட்டைக் கைக்குழந்தை மாதிரிப் பார்த்துக்கொண்டாள். நழுவினாலும் உடையாதபடி, தண்ணீர் நிரப்பிய பேசினுக்கு மேலே பிடித்துத்தான் கழுவுவாள். பற்பசை கீறிவிடும் என்று வெறும் சோப்பு. வெந்நீர் பட்டால் வளைந்துவிடுமாம், ஆகவே ஆகாது. தூங்கும்போது கழற்றித் தண்ணீரில் போட்டுவிடுவாள்.

என்ன பார்த்து என்ன? பல் பிடுங்கிய ஈறு ஆறு மாதத்தில் வற்றி, செட் தொளதொளத்தது. 'ச' வருகிற ஊர்களெல்லாம் விசிலடித்தன. அதுவும் எந்த நேரத்தில்! ஒரே ஒரு குரலைப் பதிவு செய்து, இனி எல்லா அறிவிப்பையும் கம்ப்யூட்டரே சொல்லப் போகிறது என்று உத்தரவு வந்திருந்தது. அக்காவின் குரல்தான் என்று நிலையமே பேசிக்கொண்டது. தான் ஓய்வு பெற்ற பிறகும் தன் குரல் அங்கே இருக்கும் என்ற நினைப்பே அக்காவுக்கு இனித்தது. பதிவு என்றைக்கு என்பதுதான் தெரியவில்லை.

செட்டின் உள்பக்கம் புதிதாகப் பூசினால் சரியாகிவிடும், ஆனால் ஒரு நாள் முழுக்கக் கொடுத்துவைக்க வேண்டும் என்றார் மருத்துவர்.

"என்னைக்குடி குடுக்கட்டும்?"

"புதன்கிழமை குடுங்கக்கா. அன்னைக்குக் கூட்டம் இருக்காது. மைக்கை நான் பாத்துக்கிறேன்."

புதன்கிழமை அக்கா கதவைச் சாத்திக்கொண்டு பொக்கை வாயோடு உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் தங்கச்சி வந்தாள். வாழைப்பழத்தை மசித்து, வேண்டாம் என்றாலும் விடாமல் ஊட்டினாள். அக்காவுக்குக் கண் கலங்கியது.

மறுநாள் காலை பல் கைக்கு வந்தது. மாட்டினால் கச்சிதமாகப் பிடித்துக்கொண்டது. வழி நெடுக ஒவ்வொரு ஊராகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். விசில் போன இடம் தெரியவில்லை.

மைக் அறையில் அதிகாரி இருந்தார். "வாங்கம்மா. நேத்து குரல் பதிவு முடிஞ்சுது. உங்க குரலத்தான் நம்பியிருந்தேன். நீங்களே வேணாம்னுட்டீங்களாமே?"

"நானா?"

"பல் செட்டு போட்டதுல பேச்சு குழறுது, நாலு பேர் முன்னாடி அசிங்கப்பட முடியாதுன்னீங்களாம். தேதியைத் திங்கக்கிழமையே கவுண்டர் பொண்ணுகிட்ட சொல்லியனுப்பினேன். கடைசியில அதுதான் பேசிக் குடுத்துது."

அக்கா மைக்கை எடுத்து, புறப்படவிருந்த பேருந்தை அறிவித்தாள். ஊர்ப்பெயர்கள் கணீரென்று விழுந்தன. அதிகாரி நிமிர்ந்து பார்த்தார்.

"நல்லாத்தானேம்மா இருக்கு... பதிவு எல்லாத்தையும் மேலிடத்துக்கு அனுப்பிட்டோமே."

அக்கா கவுண்டருக்குப் போனாள். தங்கச்சி எழுந்து நின்றாள். மறைக்கவும் முயலவில்லை.

"நீங்க இருக்குற வரைக்கும் எனக்கு எப்பக்கா கிடைக்கும்?"

அதுகூட அக்காவுக்குப் புரிந்தது. ஆசை யாருக்குத்தான் இல்லை? வாய்விட்டுக் கேட்டிருந்தால் விட்டுக் கொடுத்திருந்தாலும் கொடுத்திருப்பாள். அவளுக்கு ஆறாதது அது இல்லை.

"குரல் குடுத்துட்டு நேரா என் வீட்டுக்குத்தான் வந்தியாடி?"

அவள் தலை குனிந்தாள்.

"வந்து, என் பொக்கை வாயைப் பாத்துக்கிட்டே எனக்கு ஊட்டிவிட்டே."

"அக்கா..."

"இனிமே என்னை அக்கான்னு கூப்பிடாதே."

ஓர் எழுத்துகூடப் பிசகாமல் சொன்னாள்.