டவர் காலியாக இருக்கும் நேரம்

சிங்கப்பூர்க்காரர் இரண்டாவது தடவையும் வாயைத் திறந்தபடி போன் திரையில் சிலையாக நின்றுவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த வைஃபை பெட்டியைத் தூக்கிக் கிணற்றில் போட்டிருப்பேன். எங்கள் யூனிட்டில் கிணறு இல்லை, பெட்டி தப்பித்தது.

நான் செல்வராணி. இலுப்பூர் கடைவீதிக்குப் பின்னால் துணிப்பை தைக்கும் யூனிட் வைத்திருக்கிறேன். பதினோரு பெண்கள் வேலை பார்க்கிறார்கள். வேலை பார்க்கிறார்கள் என்பது பேச்சுக்குத்தான், ஆறு மாதமாகச் சொல்லிக்கொள்ளும்படி ஆர்டர் இல்லை. இந்தச் சிங்கப்பூர் ஆர்டரும் கைவிட்டுப் போனால் மாதக் கடைசியில் பூட்டைப் போட வேண்டியதுதான். அவர்கள் பிள்ளை குட்டிகளை விட்டுவிட்டுத் திருப்பூருக்குப் பஸ் ஏறுவார்கள்.

ஆர்டர் தருவதாகச் சொன்னவர் ஆத்மநாதன். அறந்தாங்கிப் பக்கத்து மனிதர், சிங்கப்பூரில் வரிசையாக மளிகைக் கடைகள் வைத்திருக்கிறார். போட்டோவை நம்ப மாட்டாராம். மிஷின் ஓடுவதையும் ஆட்கள் தைப்பதையும் வீடியோவில் நேராகக் காட்டச் சொன்னார். நியாயம்தான். புதன்கிழமை காட்டினோம், பாதியில் நின்றது. அடுத்து திங்கட்கிழமை காட்டினோம், அதுவும் நின்றது.

அன்று சாயங்காலம் அவரிடமிருந்து குரல்செய்தி வந்தது. "தங்கச்சி, வெள்ளிக்கிழமை கடைசியா ஒருக்காப் பாப்போம். மத்தியானம் எனக்கு பிளைட்டு, நம்ம ஊரு நேரத்துக்குப் பன்னெண்டுக்குள்ள வச்சுக்கங்க. அன்னைக்கும் சரிவரலைன்னா வேற ஆளுட்டக் குடுத்துருவேன், தப்பா நெனைக்காதீங்க."

எங்கள் தெருவுக்குக் கேபிள் இன்னும் வரவில்லை. சிம் போட்ட வைஃபை பெட்டிதான். டவரிலிருந்து வருவதைப் பிடித்து எங்கள் போன்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். அதைச் சன்னலில் வைத்துப் பார்த்தேன், பீரோ மேல் வைத்துப் பார்த்தேன், கையில் பிடித்துக்கொண்டு மொட்டை மாடியில் நின்றும் பார்த்தேன். போன ஆயுத பூசைக்கு மிஷின்களோடு சேர்த்து அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்தவள் நான். நன்றி கெட்ட பெட்டி!

"அக்கா, அதைத் திட்டாதீங்க, பெட்டி நல்லாத்தான் இருக்கு" என்றாள் மரிய செல்வி. ஆவூரிலிருந்து வருகிறவள், எங்கள் யூனிட்டில் துணி வெட்டுவது அவள்தான். எதையும் ஏன், எப்படி என்று நோண்டாமல் அவளால் இருக்க முடியாது. நெட்டின் வேகத்தைக் காட்டும் ஆப் ஒன்றைப் போனில் போட்டுக்கொண்டு, கத்தரியைக் கீழே வைக்கும்போதெல்லாம் அதை அமுக்கிப் பார்ப்பாள்.

"நெட்டு சில நேரம் பறக்குது, சில நேரம் படுத்துருது. ஆனா படுக்குற நேரம் கெழமைக்குக் கெழமை மாறுதுக்கா. திங்கக்கெழமை காலைல, புதங்கெழமை மத்தியானம். அதான் எனக்கு மண்டை காயுது."

"ஏன், டவருக்கு மொறைக்காய்ச்சலா?"

அவள் சிரிக்கவில்லை, யோசித்தாள். "எங்க ஊர் சர்ச்சுல ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சு வெளிய வந்ததும், அம்புட்டுப் பேரும் துபாய்க்கும் குவைத்துக்கும் வீடியோ போடுவாங்க. அப்ப நெட்டு செத்துரும். டவருங்கிறது தெருக்குழாய் மாதிரிக்கா. எல்லாரும் ஒரே நேரத்துல கொடத்தத் தூக்கிட்டு வந்தா ஆளுக்கு ஒரு சொட்டுதான். இங்க தெனமும் எந்தப் பூசை முடியுதுன்னுதான் தெரியல."

அந்தக் கேள்வி எனக்கும் ஒட்டிக்கொண்டது. வியாழக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட கையோடு இரண்டு பேரும் கடைவீதியில் இறங்கினோம். மரிய செல்வி போனைப் பார்த்து, "இப்பப் பறக்குதுக்கா" என்றாள். ஆனால் யாரும் போனில் வேலை எதுவும் செய்தபாடில்லை. பாத்திரக்கடை ரெங்கசாமி போனை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். மகளுக்கு வரன் பார்க்கிறார், மாப்பிள்ளை வீட்டுக்கு வீடியோ கால் போட வேண்டுமாம். பக்கத்துப் போன் கடையில் ஒருத்தி புதுப் போன் வாங்கி, பெட்டியைக்கூடப் பிரிக்காமல் நின்றாள். கம்ப்யூட்டர் சென்டர் வாசலில் காலேஜுக்கு அப்ளிகேஷன் போட வந்தவர்கள் உள்ளே போகாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"என்னங்கண்ணே, போட வேண்டியதுதானே?" என்றேன் ரெங்கசாமியிடம்.

"மணி மூணு ஆகட்டுங்க. ராகு காலம்ல?"

மூன்று மணி ஆனதுதான் தாமதம். கடைவீதியே தலையைக் குனிந்து போனைத் தட்ட ஆரம்பித்தது. மரிய செல்வியின் போன் திரையில் வேகம் காட்டும் முள் சரசரவென்று கீழே இறங்கியது. ரெங்கசாமி, "ஹலோ சம்மந்தி, கேக்குதா? கேக்குதா?" என்று கத்திக்கொண்டிருந்தார்.

"அக்கா, பூசை முடிஞ்சிருச்சு" என்றாள் அவள்.

எனக்கு முகத்தில் ரத்தம் ஏறியது. திங்கள் காலை ஒன்பது மணி, புதன் மத்தியானம் ஒன்றரை. ஆத்மநாதனுக்கு அந்த இரண்டு நேரத்தையும் குறித்துக் கொடுத்தது யார்? காலண்டரைப் பார்த்து, ராகு காலம் வாசலைத் தாண்டியதும் முதல் ஆளாக நிற்க வேண்டும் என்று நான்தான் குறித்தேன். ஊர் மொத்தமும் அப்படித்தான் நின்றிருக்கிறது.

"வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரைலேருந்து பன்னெண்டு. அதுக்கு முன்னாடி வச்சுக்கலாம்டி" என்றேன்.

"அதுக்கு முன்னாடியும் நெரிசல்தான்க்கா. ராகு காலம் வாரதுக்குள்ள முடிச்சுரணும்னு அவனவன் ஓடுவான். நடுவுலதான் டவர் காலி."

என் மகன் பிறந்தபோது ஆபரேஷன் தியேட்டரில் படுத்துக்கொண்டே டாக்டரிடம் நேரம் பேசியவள் நான். ராகு காலத்தில் புதுச் சேலையின் மடிப்பைக்கூடப் பிரித்ததில்லை. அன்றைக்கு ராத்திரி காலண்டரை எடுத்து எடுத்துப் பார்த்தேன். கடைசியில் ஆத்மநாதனுக்கு, வெள்ளிக்கிழமை பதினோரு மணி என்று செய்தி அனுப்பினேன். அவர் பதிலுக்கு ஒரு கேள்விக்குறி போட்டார். நான் ஆமாம் என்றேன்.

பதினோரு மணிக்குப் போன் அடித்தது. படம் கண்ணாடி போல் வந்தது. ஓடுகிற ஊசியைக் காட்டினோம், அடுக்கிய பையைக் காட்டினோம். கைப்பிடித் தையலை இழுத்துப் பார்க்கச் சொன்னார், இழுத்துக் காட்டினேன். ஒரு தடவைகூட நிற்கவில்லை. அவர் பையை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"எல்லாம் பாத்தாச்சு தங்கச்சி. ஆனா நல்ல வார்த்தைய ராகு காலத்துல சொல்லக்கூடாது. எங்க ஆத்தா இருந்தா கொன்னே போட்டுரும். ஏர்போர்ட்டுக்குப் போயிட்டுப் பன்னெண்டுக்கு மேல கூப்புடுறேன்."

மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. பதினோரு பேரும் என்னையே பார்த்தார்கள். பன்னிரண்டு மணிக்கு இலுப்பூரே போனைத் தூக்கும், இவர் விமானத்தில் ஏறிவிடுவார், நாங்கள் சாமி வரம் தருமா தராதா என்று உட்கார்ந்திருக்க வேண்டும். என்னால் முடியாது.

"அண்ணே, வச்சுறாதீங்க! எந்த வார்த்தையா இருந்தாலும் இப்பவே சொல்லுங்க!"

"ராகு காலம்மா..."

"ராகுவ நான் பாத்துக்கிறேன். நீங்க சொல்லுங்கண்ணே!"

அவர் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றார். படம்தான் நின்றுவிட்டதோ என்று எனக்கு உயிர் போய் வந்தது. அப்புறம் கடகடவென்று சிரித்தார்.

"சரி, ஆர்டர் ஒங்களுக்குத்தான். தைங்க."

வெட்கத்தை விட்டு ஓவென்று அழுதேன். யார் யாரோ வந்து கட்டிப்பிடித்தார்கள். மரிய செல்வி மட்டும் மேஜைமேல் துணியை விரித்துவிட்டு, கையில் கத்தரியோடு என்னைப் பார்த்தாள்.

"வெட்டவாக்கா, இல்ல பன்னெண்டு ஆகட்டுமா?"

"வெட்டுடி" என்றேன்.