தங்கவேலுக்கு ஒட்டிய சொல்

அம்பத்தூர் ஓ.டி.யில் கஜபதி வைத்திருந்த டிடிபி கடையில் அழைப்புப் பத்திரிகைகள் குவிந்துவிட்டன. அந்தக் காலக் கம்ப்யூட்டரில் ஒரு ஃபைலுக்கு எட்டெழுத்துக்கு மேல் பெயர் வைக்க முடியாது. எல்லாமே கல்யாணம், காதுகுத்து என்று இருந்ததால் யாருடையது எது என்று தெரியாமல் திண்டாடினார்கள். தொண்ணூற்று நான்கில் கஜபதி ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து ஒரு ஃப்ளாப்பி வாங்கி வந்தார். அதிலிருந்த புரோகிராமில் ஒவ்வொரு ஃபைலுக்கும் விருப்பப்பட்ட சொற்களை ஒட்டி வைக்கலாம். பிறகு சொல்லை அடித்தால் ஃபைல் வந்து நிற்கும்.

டைப் அடிக்கும் ஜெகதாம்பாளுக்குப் பெயர்கள் மறந்துவிடும், ஆட்கள் மறக்கமாட்டார்கள். அதனால் அவள் 'இருமல்', 'பெரிய மீசை', 'பொண்டாட்டிக்குப் பயம்' என்று ஒட்டினாள். எந்த ஃபைலும் நொடியில் கிடைத்தது.

விஷயம் வெளியே கசிந்தது. கோவில்பதாகையிலிருந்து நாகப்பன் என்பவர் கடைக்கு வந்தார்.

"எம்பொண்ணைத் தங்கவேல் பையனுக்குக் கேக்குறாங்க. அவரு ஊட்டு கிரகப்பிரவேசக் கார்டு இங்கதான அடிச்சாரு? அவருக்கு இன்னா போட்டுகீறே?"

ஜெகதாம்பாள் பார்த்துச் சொன்னாள். "அவசரக்காரர்."

நாகப்பன் வீட்டுக்குப் போய், அவசரக்காரர் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். மறுநாள் காலையில் தங்கவேல் வந்துவிட்டார்.

"கார்டு சீக்கிரம் வோணும்னு கேட்டது ஒரு குத்தமா? அதை அழிச்சுடும்மா."

"அழிச்சா உங்க ஃபைலு கிடைக்காது சார்."

"கிடைக்காட்டிப் போவுது. நான் இன்னொரு ஊடா கட்டப்போறேன்?"

"அழிக்கறது பொய் சொல்ற மாதிரி. வேணும்னா இன்னொண்ணு சேத்துக்கலாம். அதுக்கு நான் கண்ணால பாக்கணும்."

தங்கவேல் பெஞ்சில் உட்கார்ந்தார். கரண்ட் போனது, வந்தது. அவருக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் வேலை முடித்துப் போனார்கள். மதியம் கஜபதி வாங்கித் தந்த டீயை அவர் ஆறவிட்டு, மேலே ஆடை படிந்த பிறகு குடித்தார். கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. அதைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். சாயங்காலம் ஷட்டரைப் பாதி இறக்கும்போது ஜெகதாம்பாள் 'பொறுமை' என்று சேர்த்தாள். தங்கவேலுக்குக் கண் கலங்கிவிட்டது.

தங்கவேல் சொல்லி அனுப்ப, நாகப்பன் வந்து திரையில் இரண்டு சொற்களையும் எழுத்துக் கூட்டிப் படித்தார். "ரெண்டும் கீதுன்னா முழு மனுசன்தான்," என்று சம்மதித்தார். திருவேற்காட்டில் கல்யாணம் நடந்தது. பந்தியில் ஜெகதாம்பாளுக்கு இருபுறமும் உட்கார யாரும் துணியவில்லை. அவள் தாராளமாகக் கை நீட்டிச் சாப்பிட்டாள்.

அதற்கப்புறம் கஜபதிக்குத் தூக்கம் கெட்டது. முதலாளியானதால் அவருக்கு ஃபைலே இல்லை. நாற்பத்தெட்டு வயதில் தன் அறுபதாம் கல்யாணத்துக்குப் பத்திரிகை எழுதி எடுத்துவந்து மேஜைமேல் வைத்தார். ஜெகதாம்பாள் ஒன்றும் கேட்காமல் அடித்து முடித்தாள். பிறகு கொஞ்சம் யோசித்து ஒரு சொல்லை ஒட்டினாள். கஜபதி எட்டிப் பார்த்தார். 'பரவாயில்லை' என்று இருந்தது.

"இது நல்லதா கெட்டதாம்மா?"

"இன்னும் முடிவு பண்ணலண்ணே," என்றாள்.