தேதி பின்னர் அறிவிக்கப்படும்

இறந்து இரண்டு வாரம் ஆகியிருந்த இயக்குநர், ஒப்புக்கொண்டபடியே ஞாயிற்றுக்கிழமை மாலைக் காட்சிக்கு வந்து சேர்ந்தார். நேரத்துக்குச் சற்று முன்னதாகவே வந்துவிட்டதால் வாசலில் நின்று, சுவரொட்டியில் தன் புகைப்படத்தின் மூலையில் ஒட்டியிருந்த கறுப்புப் பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பட்டையை ஒட்டியவள் தேதியக்கா. அந்தச் சின்னத் திரையரங்கில் எந்தப் படம், எந்த நாள், படம் முடிந்ததும் பேச யாரைக் கூப்பிடுவது என்பதையெல்லாம் முடிவு செய்கிறவள் அவள்தான். யாரைப் பார்த்தாலும் நலம் விசாரிப்பதற்கு முன் எந்தத் தேதி தோதுப்படும் என்று கேட்பதால் வந்த பெயர் அது. இயக்குநரின் மரணச் செய்தி வந்த அன்று நிகழ்ச்சியை ரத்து செய்ய மனம் வராமல், படத்தையாவது போடுவோம் என்று விட்டுவைத்திருந்தாள். இப்போது ஆளே வந்து நின்றதும், பயத்தைவிட, மேடையில் நாற்காலி போடச் சொல்லவில்லையே என்ற பதற்றம்தான் முந்திக்கொண்டது. நாற்காலி போட்டார்கள். படம் முடிந்து விளக்கு எரிந்ததும் இயக்குநர் மேடையேறினார். அரங்கில் இருந்தவர்களில் பாதிப் பேர் அவருடைய இறுதி ஊர்வலத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள். ஆனாலும் ஒருவர்கூட அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இரண்டாம் பாதியில் வரும் சிவப்புக் குடைக்கு என்ன அர்த்தம் என்பதுதான் முதல் கேள்வி. கடையில் அந்த நிறம்தான் மிச்சம் இருந்தது என்றார் இயக்குநர். தேதியக்கா நன்றி சொன்னதும் எழுந்து, கைகூப்பிவிட்டு, பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போனார். அதன் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை.

திரையரங்கு முன்பு நூல் கிடங்காக இருந்த கட்டடம். அப்பா விட்டுப்போன அந்தக் கிடங்கை விற்றுவிடச் சொல்லி உறவில் எல்லோரும் சொன்னபோது, தேதியக்காவும் அவள் தம்பியும் மட்டும் தலையாட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, உள்ளே இருந்த மூட்டைகளை அப்புறப்படுத்தித் திரை கட்டினார்கள். அக்கா படங்களைத் தேர்ந்தெடுப்பாள், தம்பி ஓட்டுவான். பெரிய அரங்குகள் தொடாத படங்கள், எடுத்தவர்களே மறந்துவிட்ட படங்கள், எங்கோ ஒரு பெட்டியில் ஒரே ஒரு பிரதி மிஞ்சியிருக்கும் படங்கள் என்று தேடித் தேடி வரவழைப்பாள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை மடிப்புத்தாளில் நிகழ்ச்சி நிரல் அச்சாகும். புதன்கிழமை மதியம் ஓய்வு பெற்றவர்களுக்கு, சனிக்கிழமை காலை குழந்தைகளுக்கு, ஞாயிறு மாலை விருந்தினரோடு. தம்பி அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, “இதுக்கு நீ, நான், வாசல்ல படுத்திருக்கிற பூனை, மூணு பேர்தான்க்கா” என்பான். பல சமயம் அது சரியாகவும் இருந்தது. பூனை மட்டும் கடைசிவரை உட்காராது.

இயக்குநருக்குப் பிறகு, வருவதாகச் சொல்லியிருந்தவர்கள் இறந்தாலும் வந்தார்கள். விபத்தில் போன நடிகை வந்தாள். தன்னைப் பற்றிப் பத்திரிகைகளில் போட்ட புகைப்படம் எதுவும் நன்றாக இல்லை என்று குறைபட்டுக்கொண்டாள். ஒரு படத்தொகுப்பாளர், ஓர் ஒலிப்பதிவாளர், ஒரு பாடலாசிரியர் வந்தார்கள். தேநீர் மட்டும் யாரும் குடிக்கவில்லை. எல்லோரும் சொன்ன நாளில் ஒரே ஒரு மாலை இருந்து, கேள்விகளுக்குப் பதில் சொல்லி, அவள் நன்றி சொன்னதும் பக்கவாட்டுக் கதவு வழியாகப் போய்விட்டார்கள். ஓர் ஒளிப்பதிவாளர் மட்டும் வரவில்லை. பிறகு யோசித்துப் பார்த்ததில், அவர் வருகிறேன் என்று சொல்லவில்லை, பார்க்கலாம் என்றுதான் சொன்னார் என்பது அவளுக்கு நினைவு வந்தது. அதிலிருந்து, பார்க்கலாம் என்று இழுக்கிறவர்களிடம் அவள் வாய்விட்டுச் சம்மதம் வாங்காமல் விடுவதில்லை. ஊர்க்காரர்கள் இதை, ஒரு கடையில் துணி சாயம் போகாது என்று தெரிந்துகொள்வதைப் போலத் தெரிந்துகொண்டார்கள். படுக்கையில் கிடந்த தன் அப்பாவுக்கும் ஒரு நாள் ஒதுக்க முடியுமா என்று அடுமனைக்காரர் வந்து கேட்டார். படத்தில் ஏதாவது பங்கு இருக்க வேண்டுமே என்று அவள் தயங்க, இளவயதில் ஒரு கூட்டக் காட்சியில் அவர் கையை உயர்த்திக்கொண்டு ஓடியதாகச் சொன்னார். அவள் அந்தப் படத்தைத் தேடி எடுத்து, அந்தக் கையையும் கண்டுபிடித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமையை அவருக்குக் கொடுத்தாள். அந்த மாலை அரங்கு நிரம்பி வழிந்தது.

தம்பிக்கு நோய் வந்தது சத்தமே இல்லாமல். மாடிப்படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. பிறகு மருத்துவமனையின் நாலாவது மாடி ஜன்னலோரப் படுக்கை. அவன் மனைவி மருந்துக்கடையில் வேலை செய்கிறவள்; சீட்டில் எழுதியிருந்த மருந்துகளின் பெயரைப் பார்த்ததுமே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது, ஆனால் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. மகளுக்கு அப்போது ஆறு வயது. அக்கா தினமும் போய் அடுத்த மூன்று மாதத்துக்கான படங்களைச் சொல்லுவாள், அவன் கண்ணை மூடிக்கொண்டே கிண்டல் செய்வான். ஒரு நாள் கண்ணைத் திறந்து, “எனக்கும் ஒரு சாயங்காலம் போடுக்கா” என்றான். எந்தப் படம் என்று கேட்டாள். ஒரு தபால்காரரும் அவர் மனைவியும் வேலை மாற்றலாகி வீட்டைக் காலி செய்யும் ஒரே ஒரு நாளைச் சொல்லும் பழைய கறுப்புவெள்ளைப் படத்தைச் சொன்னான். எப்போதோ ஒரு மழைநாளில் அவள் போட்டு, யாருமே வராத படம். தேதி என்னவென்று அவன் கேட்டான். வாழ்நாள் முழுக்கப் பிறரிடம் அதைக் கேட்டவள் அன்று அவன் போர்வையின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள். அப்புறம் சொல்கிறேன் என்றாள். “சரி. எப்பச் சொன்னாலும் வர்றேன்” என்றான் அவன். அடுத்த வாரம் இறந்துபோனான்.

அடுத்த நிகழ்ச்சித் தாளின் கடைசி வரியில் அந்தப் படத்தின் பெயரும், ஆப்பரேட்டரோடு ஓர் உரையாடல் என்பதும், தேதி பின்னர் அறிவிக்கப்படும் என்பதும் இருந்தன. அதற்கடுத்த தாளிலும் இருந்தன. முதல் வருடம் பிரதி சரியில்லை என்றாள், அது உண்மைதான். இரண்டாம் வருடம் கூரை ஒழுகியது. பிறகு நாற்காலிகளுக்கு உறை மாற்ற வேண்டியிருந்தது, பிறகு தேர்வுக்காலம், பிறகு கடும் வெயில். காரணங்கள் தீர்ந்தபோது காரணம் சொல்வதையே விட்டுவிட்டாள். காலையில் அரங்கைத் திறந்து விளக்கைப் போடும்போது, தம்பி இன்னும் வரவேண்டியிருக்கிறான் என்ற நினைப்பு மார்பில் கதகதவென்று இருக்கும். அந்த ஒரு மாலை முடிந்துவிட்டால் காலையில் எதை நினைத்துக்கொண்டு விளக்கைப் போடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. புதிதாக வந்த ஆப்பரேட்டர் நல்ல மனிதர். நிகழ்ச்சி நிரலைக் கொடுத்தால் வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொள்வார், ஒரு வார்த்தை கிண்டல் செய்யமாட்டார். அந்த ஒரு குறையை அவள் மனதுக்குள் பொறுத்துக்கொண்டாள்.

ஏழாவது வருடம் ஒரு புதன்கிழமை மதியம், உள்ளே ஓய்வு பெற்றவர்கள் படம் பார்த்துக்கொண்டிருக்கையில், தம்பி மனைவி சீட்டு கொடுக்கும் அறைக்கு வந்தாள். மருந்துக்கடை அங்கியைக்கூடக் கழற்றியிருக்கவில்லை. உட்காரச் சொன்னதற்கும் உட்காரவில்லை. புதுத் தாளை மேசைமேல் விரித்துக் கடைசி வரியில் விரலை வைத்தாள்.

“அண்ணி, உங்களுக்கு அவர் தம்பி. இல்லைன்னு சொல்லல. எனக்கும் பொண்ணுக்கும் அவர் யாரு?”

தான் மாட்டேன் என்று எப்போதும் சொன்னதில்லையே என்றாள் தேதியக்கா.

“மாட்டேன்னு சொல்லியிருந்தா ஒரு சண்டை போட்டுட்டு வேற வேலையைப் பார்த்திருப்பேன். நீங்க அப்புறம், அப்புறம்னே சொல்றீங்க.” அவள் குரல் உயரவில்லை, சுவருக்கு அந்தப்பக்கம் படம் ஓடுகிறது என்று குரலை அடக்கிப் பேசும் பழக்கம் அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் இருந்தது. “நேத்து பொண்ணு கேக்கறா, அப்பா குரல் கனமா இருக்குமா, மெல்லிசா இருக்குமான்னு. எனக்குச் சட்டுனு சொல்ல வரல, அண்ணி. யோசிக்க வேண்டியிருந்துச்சு.”

சுவருக்கு அந்தப்பக்கம் யாரோ சிரித்தார்கள். தேதியக்கா சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியைத் திரும்பிப் பார்த்தாள். வேறு எங்கே பார்ப்பது என்று தெரியாமல்தான் பார்த்தாள். பிறகு எழுந்துபோய் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பேனாவை வைத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி மாலை வெளிச்சம் இருக்கும்போதே வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலை. நேராக அக்காவின் அறைக்கு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, தாளை எடுத்துப் புரட்டிவிட்டு, படங்கள் பரவாயில்லை என்றான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. நல்லா இருக்கியா என்று கேட்டுவிட்டு, கேட்டது அபத்தம் என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“இருக்கேன்” என்றான். “தேதி தெரியாம இருந்ததுதான்க்கா கொஞ்சம் கஷ்டம். ஊருக்குக் கிளம்பி ரெடியா உட்கார்ந்திருப்போம் பாரு, வண்டி எப்ப வரும்னு தெரியாம. சட்டையைக் கழட்டவும் முடியாது, படுக்கவும் முடியாது. அந்த மாதிரி.”

குறையாகச் சொல்லவில்லை. பேருந்து தாமதமானதைச் சொல்கிற மாதிரிதான் சொன்னான். ஏழு வருடம் அவனைத் தன்னிடம் வைத்திருந்ததாக நினைத்துக்கொண்டிருந்தாள். அவனோ எங்கும் இல்லாமல் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறான். மன்னிப்பு கேட்க வாயெடுத்தபோது அவன், நேரமாகிறது, கூட்டத்தைக் காக்கவைக்காதே என்று எழுந்துவிட்டான்.

படம் ஓடியது. வண்டியில் சாமான்களை ஏற்றிய பிறகு, தபால்காரரின் மனைவி காலியான வீட்டை ஒரு முறை பெருக்குவாள். அந்த இடத்தில் அரங்கில் யாரும் இருமக்கூட இல்லை. விளக்கு எரிந்தது. மேடையில் அக்காவும் தம்பியும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். முன்வரிசை ஆசாமி ஒருவர் வழக்கம்போல, கேள்வி என்று சொல்லி ஒரு சொற்பொழிவே ஆற்றினார். தம்பி மரியாதையாகத் தலையாட்டினான். சுருள் அறுந்துபோனால் என்ன செய்வீர்கள் என்று ஒருவர் கேட்டார். ஒட்டுவேன் என்றான், அரங்கு சிரித்தது. அவன் மனைவி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கண்ணைக் கொட்டினால் கொஞ்சம் குறைந்துவிடும் என்பதுபோலப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மகள் கையைத் தூக்கினாள். பதின்மூன்று வயது, அப்பாவின் நெற்றி. ஒலிவாங்கி கைக்கு வந்ததும் அவள் நினைத்து வைத்திருந்த கேள்விகளை ஒதுக்கிவிட்டாள். இத்தனை பேர் நடுவில் அதையெல்லாம் கேட்க முடியாது.

“இந்தப் படம் உங்களுக்கு ஏன் பிடிக்கும்?” என்றாள்.

“கொஞ்சம் சத்தமா பேசும்மா. மைக்கை வாய்க்கிட்ட வெச்சுக்கோ” என்றான் தம்பி. அவள் மறுபடியும் கேட்டாள். அவன் நாற்காலியின் நுனிக்கு வந்தான். தான் இதை ஒழுங்காகப் பார்த்ததே இல்லை என்றான். ஆப்பரேட்டர் படத்தைப் பார்க்க முடியாது, சுருள் மாற்றும் நேரத்தைத்தான் பார்க்க வேண்டும். யாருமே வராத அந்த மழைநாளில் நிறுத்திவிடலாமா என்று அக்காவைக் கேட்டதையும், ஓட்டுடா, நான் இருக்கிறேனே என்று அவள் தனியாக உட்கார்ந்து பார்த்ததையும், படம் ஓட்டும் மாடி அறையின் ஓட்டை வழியாகத் தான் படத்தைப் பார்க்காமல் அவள் தலையையே பார்த்துக்கொண்டிருந்ததையும் சொன்னான். நீளமாகத்தான் சொன்னான். மகளுக்கு அதில் ஒரு சொல்கூட மனதில் நிற்கவில்லை. அது கனமும் இல்லை, மெல்லிசும் இல்லை, ஒரு சொல்லின் முடிவில் லேசாகக் கரகரக்கும் குரல் என்பதை மட்டும் அவள் வாய் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

இன்னும் நிறையக் கைகள் உயர்ந்திருந்தன. கேட்டுக்கொண்டே போகலாம். தான் நன்றி என்று சொல்லாதவரை எந்த விருந்தினரும் எழுந்ததில்லை என்பது தேதியக்காவுக்குத் தெரியும். கூட்டம் விடியும்வரைகூட உட்காரத் தயாராக இருந்தது. அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் சிரித்த முகமாகத்தான் இருந்தான். ஆனால் சட்டைக் காலரை இரண்டு விரலால் தளர்த்திக்கொண்டிருந்தான். அவள் ஒலிவாங்கியை வாங்கி, இத்தோடு முடித்துக்கொள்ளலாம் என்றாள். வந்ததற்கு நன்றி என்று அவனைப் பார்த்துச் சொன்னாள். குரல் அவள் நினைத்ததைவிட நன்றாகவே வந்தது. அவன் எழுந்து அவள் தோளை ஒரு முறை அழுத்திவிட்டு மேடையிலிருந்து இறங்கினான். பக்கவாட்டுக் கதவு வழியாக மனைவியும் மகளும் அவனோடு வெளியே போனார்கள். தெருமுனைவரை மூவரும் நடந்துபோவதைப் பலர் பார்த்தார்கள். திரும்பி வந்தவர்கள் இருவர். மகள் கொஞ்ச தூரம் முன்னால் நடந்தாள். அம்மா வழியில் இரண்டு முறை நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டாள். மறுநாள் காலை இருவரும் வழக்கம்போல ஒருத்தி கடைக்கும் ஒருத்தி பள்ளிக்கும் போனார்கள்.

தேதியக்கா அந்த வாரம் முழுக்க அரங்குக்கு வரவில்லை. புது ஆப்பரேட்டரே விளக்கைப் போட்டு, அவரே சீட்டும் கொடுத்தார். அதற்கடுத்த வாரம் வந்தாள். வந்து, முகம் கழுவிக்கொண்டு, அடுத்த மூன்று மாதத்துக்கான படங்களை எடுத்து மேசைமேல் பரப்பினாள். அந்த முறை தேர்வு சுமார்தான், நகைச்சுவைப் படங்கள் அதிகம் என்று வாடிக்கையாளர்கள் பேசிக்கொண்டார்கள். கடைசி வரி இல்லாததால் தாளின் அடியில் கொஞ்சம் வெற்றிடம் விழுந்திருந்தது. அச்சகத்துக்காரர் அங்கே ஒரு சின்னக் கோடு போட்டுச் சமாளித்திருந்தார். புதன்கிழமைக் காட்சிக்கு வந்த ஓய்வுபெற்ற ஆசிரியை, ஊரில் இல்லாததால் அந்த ஞாயிற்றுக்கிழமை வர முடியாமல் போனது என்று வருத்தப்பட்டு, தம்பி வந்தானா, எப்படி இருந்தான் என்று விசாரித்தாள்.

“வந்தான். நல்லா பேசினான்” என்றாள் தேதியக்கா சீட்டைக் கிழித்தபடி. “கொஞ்சம் இளைச்சிருந்தான், அவ்வளவுதான்.” பிறகு, நடுவரிசையில் இடம் இருக்கிறது, ஓரத்தில்தான் வேண்டுமா என்று கேட்டாள்.