கண் மட்டும் பாக்கி

ஓசூரில் எங்கள் வீட்டுக்கு உருப்படியான ஜன்னல் ஒன்றுதான், அதுவும் சமையலறையில். முன்னறையில் இருப்பது பேருக்கு ஜன்னல். என் வீட்டுக்காரர் ஐசக் நைட் ஷிப்ட் முடித்துவிட்டுப் பகலில் தூங்குவதற்காக அதில் பழைய போர்வையை ஆணியடித்து மாட்டியாயிற்று. அவர் தூங்கும்போது டிவி கூடாது, மிக்ஸி கூடாது, குக்கர் விசில் அடிக்கவே கூடாது. காலையில் அவர் வந்து படுத்தால் சாயங்காலம் எழுந்திருக்கும்வரை நான் சமையலறைக்குள்தான் கிடக்க வேண்டும். மாடி வீடு. கீழே இறங்குவதென்றால் அவர் தலைமாட்டைத் தாண்டி, கிரீச்சென்று கத்துகிற கதவைத் திறக்க வேண்டும்.

நல்லவேளை, சத்தமில்லாமல் செய்கிற வேலை ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. மிருகம் வரைவேன்.

ஆடு மாடு இல்லை. உலகத்திலேயே இல்லாத மிருகங்கள். றெக்கை முளைத்த பல்லி, கொம்பு வைத்த மீன், அந்த மாதிரி. தெற்கே எங்கள் ஊர் நாசரேத்தில் பள்ளிக்கூட நோட்டின் கடைசிப் பக்கங்களில் ஆரம்பித்த பழக்கம். கல்யாணமாகி இங்கே வந்த பிறகு, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில், இதே வேலையாக இருக்கிற வெளிநாட்டுக்காரர்களின் படங்களைப் பார்த்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. நான் கிறுக்கி இல்லை என்று அன்றைக்குத்தான் நிச்சயமானது. இல்லாத மிருகத்துக்கும் எலும்பு சரியாக இருக்க வேண்டும், அதற்கு இருக்கிற பிராணிகளைப் பார்த்துக் கை பழக வேண்டும் என்று அவர்களில் ஒருவர் எழுதியிருந்தார்.

பழகினேன். கறிக்கடையில் றெக்கையை வெட்டாமல் முழுசாகக் கேட்டு வாங்குவேன். பலகையில் விரித்து, ஊக்கு குத்தி, மூட்டு எங்கே மடங்குகிறது என்று பார்த்து வரைந்த பிறகுதான் அது குழம்புக்குப் போகும். “ஏட்டி, இந்தக் கோழி இன்னும் பறக்கலாம்னுதான் நெனைச்சிட்டு கெடக்கு” என்று ஐசக் சட்டியைப் பார்த்துச் சிரிப்பார். அப்போதெல்லாம் சிரிப்பார். கம்பெனியில் மிஷின் வந்து இறங்கிய பெட்டியின் பிளைவுட் பலகையை, சூப்பர்வைசரிடம் கேட்டு, வெளியே கொண்டுபோக கேட் பாஸ் வாங்கி, எனக்காகத் தலையில் வைத்துச் சுமந்து வந்தவரும் அவர்தான்.

அந்தப் பலகையில்தான் பெரிய மிருகத்தை ஆரம்பித்தேன். ஹார்டுவேர் கடை எனாமல் பெயிண்ட், சின்னச் சின்ன டப்பா. உடும்பின் தோல், வௌவாலின் றெக்கை, எருமையின் முகம். ரொம்ப தூரம் பறந்துவிட்டு ஒரு மொட்டைப் பாறையில் வந்து இறங்குகிறது. ஒரு கால் பாறையைத் தொட்டுவிட்டது, இன்னொன்று தொடவில்லை. யாரோடும் சண்டைக்கு வரவில்லை. பாவம், களைத்துப்போய் வருகிறது. மழைக்காலம் முழுக்க வரைந்தேன், கிறிஸ்துமஸும் போயிற்று. கண் மட்டும் பாக்கி. இங்கே இறங்கலாமா, துரத்திவிடுவார்களா என்று பார்க்கிற பார்வை அதற்கு வேண்டும். பேப்பரில் எத்தனையோ கண் போட்டுப் பார்த்தேன். ஒன்று முறைத்தது, ஒன்று தூங்கி வழிந்தது, ஒன்று அச்சு அசல் என் மாமியார். வரும்போது வரட்டும் என்று கண்ணுக்கான இடத்தை வெறுமனே விட்டு வைத்தேன்.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூட்டம் எங்கள் வீட்டில் நடந்தது. தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குள் வந்த ஒரு அக்கா, “என்னம்மா சாராள், வலுசர்ப்பத்தக் கொண்டாந்து வீட்டுக்குள்ள வச்சிருக்க!” என்று நெஞ்சில் கை வைத்தார். வேதத்தின் கடைசிப் புத்தகத்தில் பிசாசு அந்த உருவத்தில்தான் வரும். கூட்டமே எழுந்து வந்து பார்த்தது. என் பலகைக்கு எதிரே நின்று தனியாக ஒரு ஜெபமும் நடந்தது. ஐசக் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார். எனக்கு வந்த கோபத்தில் ஒருத்தர் காப்பிக்கும் சர்க்கரை போடவில்லை.

அந்த வாரமே வீட்டுக்காரம்மா நாராயணம்மா, குழாயில் தண்ணீர் ஏறுகிறதா என்று பார்க்க மேலே வந்தார். கீழ் வீட்டில் இருக்கிறவர், தெலுங்குக்காரர். என் ஜன்னலுக்கு நேரே கிடந்த காலி மனையும் அவருடையதுதான். மகனுக்கு வீடு கட்ட அங்கே கடைக்கால் தோண்டியிருந்தார்கள். பலகையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“எந்த பாகுந்தி! எவ்ளோ நல்லா இருக்கு! கடைல விக்கிற திஷ்டி பூதமெல்லாம் இதுக்கு முன்னாடி நிக்குமா? நம்ம கட்டடத்துக்குக் குடும்மா.”

“இது திருஷ்டிக்கு இல்லம்மா. படம். இன்னும் முடியல” என்றேன்.

“படம்னா, சாமி படமா?”

“இல்லம்மா.”

“சினிமாக்காரங்களா?”

“இல்ல.”

“அப்ப திஷ்டிதான்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என் வீட்டுப் பொருள் என் வீட்டில்தானே இருக்கும் என்று அசட்டு நம்பிக்கை. இரண்டு நாள் கழித்துக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்க ஆஸ்பத்திரிக்குப் போய், வாயில் பஞ்சை அடக்கிக்கொண்டு திரும்பி வந்தேன். பலகை இருந்த இடம் காலியாக இருந்தது. ஜன்னல் வழியே பார்த்தேன். மனையின் முன்பக்கம் ஒரு சவுக்குக் கம்பத்தில், ரோட்டைப் பார்த்தபடி கட்டியிருந்தார்கள். எனக்குத் தெரிந்தது அதன் முதுகுதான். பெட்டியில் அச்சடித்திருந்த அம்புக்குறியும், உடைகிற சாமானுக்குப் போடுகிற கண்ணாடிக் கோப்பைப் படமும்.

ஓடினேன். ரோட்டுக்குப் போய்த் திரும்பிப் பார்த்தேன்.

அதற்குக் கண் வைத்திருந்தார்கள். அவித்த முட்டை மாதிரி இரண்டு வெள்ளை உருண்டைகள், அதில் சிவப்பு நரம்பு. கூடவே தொங்குகிற நாக்கு, முறுக்கு மீசை. களைத்துப்போய் வந்த என் மிருகம் போகிற வருகிற லாரிகளையெல்லாம் உருட்டி விழித்துக்கொண்டிருந்தது.

“கண்ணு போட மறந்துட்ட பாரு” என்று நாராயணம்மா பூரிப்போடு வந்தார். “கண்ணு இல்லாத திஷ்டி எப்படிம்மா வேல செய்யும்? அதான் மேஸ்திரிகிட்ட சொல்லி நானே போட வச்சேன்.”

நான் மணல் குவியலில் உட்கார்ந்து அழுதேன். வாயில் பஞ்சு, ஒரு வார்த்தை வரவில்லை.

“பாவம், பல்லு ரொம்ப வலிக்குதா?” என்று அவர் என் தலையைத் தடவிக்கொடுத்தார். அவர் மேல் கோபப்படக்கூட முடியவில்லை, நிஜமான பரிவு அது.

கோபப்பட ஐசக் இருந்தார். “நீங்களா தூக்கிக் குடுத்திய?” என்றேன், பஞ்சைத் துப்பிவிட்டு.

“வீட்டுக்காரம்மா வாசல்ல வந்து நின்னு கேக்காவ. முடியாதுன்னு எப்படிட்டி சொல்லுவேன்? சபையிலயும் ஒரு மாதிரி பேசுதாவ.”

“என்ட்ட ஒரு வார்த்த கேக்கணும்னு தோணலையா?”

“நான் எதக் கேட்டுச் செய்யுதேன்? ராத்திரி பூரா ரெண்டு பட்டனை மாத்தி மாத்தி அமுக்குதேன். அது என்ன பார்ட்டுன்னுகூட எனக்குத் தெரியாது. போட்டும், யாருக்கோ உபயோகமா இருக்குல்லா.”

உபயோகம் என்ற அந்தச் சொல்தான் என்னைச் சுட்டது. மறுநாள் நாராயணம்மாவிடம் போய், வேறு பூதம் ஒன்று வாங்கித் தருகிறேன், அதைத் திருப்பிக் கொடுங்கள் என்று கெஞ்சினேன். அவர் பதறிப்போனார். மாட்டிய திருஷ்டியை கிரகப்பிரவேசத்துக்கு முன்னால் இறக்கினால் வீட்டுக்கு ஆகாதாம். அதன்பிறகு இறக்கினாலும் வீட்டுக்குள் சேர்க்கக் கூடாது, ஊர்க் கண்ணையெல்லாம் வாங்கிக்கொண்டதல்லவா, முச்சந்தியில் போட்டுக் கொளுத்த வேண்டும். இதை அவர் மிக அன்பாக விளக்கினார்.

சுவர் எழும்ப ஆரம்பித்தது. எனக்கும் அதற்கும் நடுவில் ஒரு முழத்துக்குச் சற்று அதிகமான இடைவெளி, அவ்வளவுதான். ஹாலோ பிளாக் வரிசை வரிசையாக ஏறியது. முதலில் வேலிக் கருவேலம் மறைந்தது, பிறகு தூரத்துக் கம்பெனிக் கூரைகள், பிறகு ஆகாயம். கடைசியில் பட்டப்பகலில் டியூப்லைட் போட்டால்தான் அரிசியில் கல் தெரியும் என்றாயிற்று. வரைய உட்கார்ந்தால் என் கையின் நிழலே என் பேப்பரை மூடியது. பென்சிலைத் தொடாமல் நாள் கணக்கில் சும்மா கிடந்தேன். என்னைச் சமாதி கட்டுகிற சுவரை என் மிருகமே காவல் காத்தது என்பதுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது. தளம் தளமாகப் பலகையை மேலே மேலே ஏற்றிக் கட்டினார்கள். “ஒரு தடங்கல் இல்லம்மா, எல்லாம் உன் கைராசி!” என்றார் நாராயணம்மா, பார்க்கும்போதெல்லாம்.

கிரகப்பிரவேசத்தன்று காலை மேளச் சத்தத்தையும் மீறி ஐசக் தூங்கினார். முறைப்படி அழைத்திருந்தார்கள், நான் போகவில்லை. பூஜை முடிந்து கொஞ்ச நேரத்தில், சந்து வழியே எனாமல் கருகுகிற வாடை வந்தது. என்ன எரிகிறது என்று எட்டிப் பார்க்க வேண்டிய அவசியமில்லை. பார்க்கவும் முடியாது, சுவர்.

அழுகை வரவில்லை. மிச்சமிருந்த டப்பாக்களைத் திறந்தேன். ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே தோள்வரை கையை விட்டால் தூரிகையின் நுனி எதிர்ச் சுவரின் சிமென்ட் பூச்சில் படுகிறது. எட்டுகிற இடம் ஒரு சோற்றுத் தட்டு அளவுதான். அதில் றெக்கைக்கு இடமில்லை, காலுக்கு இடமில்லை. ஒரு கண் போடலாம்.

போட்டேன். மாதிரி பார்க்கவில்லை, பென்சிலால் குறிக்கவில்லை. கம்பி தோளைக் கிழிக்க, கை மரத்துப்போக, நிறுத்தி நிறுத்திப் போட்டேன். எருமையின் ஈரம், உடும்பின் மஞ்சள், இமையோரம் கொஞ்சம் களைப்பு. இவ்வளவு நாள் வராத கண் வந்துவிட்டது. ஆனால் இறங்க இடம் தேடுகிற பார்வை அதில் இல்லை. அது வேறெதையோ கண்டுவிட்டிருந்தது.

தண்ணீர் குடிக்க எழுந்து வந்த ஐசக் சொம்பும் கையுமாக அப்படியே நின்றார். ரொம்ப நேரம் பார்த்தார். இத்தனை வருஷத்தில் என் படம் ஒன்றை அவர் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

“யாரட்டி பாக்குது அது? கூண்டுக்குள்ள கெடக்கதப் பாக்குத மாதிரி பாக்குது.”

“நம்மளத்தான்” என்றேன்.

அவர் தண்ணீரைக் குடித்தார். போய்ப் படுக்குமுன் சாத்துவதற்காக ஜன்னல் கதவில் கை வைத்தவர், சாத்தாமல் போனார்.