இருளாயி கொளுத்த வேண்டிய குப்பைமேடு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் குடியிருக்கும் சிலிபினில் பக்கத்து வீட்டு நவமணி அக்கா தென்னங்கன்றுக்கு ஏதோ பொடியைக் கரைத்து ஊற்றிக்கொண்டிருந்தார். "இதுல உயிரோட நூல்புழு இருக்கு தம்பி. வண்டுப்புழுவுக்குள்ள பூந்து கொன்னுடும். நமக்கு ஒண்ணும் பண்ணாது லா" என்றார். கதை அங்கேதான் என்னைப் பிடித்துக்கொண்டது. பிடித்த கையோடு அதை நூறு வருடம் பின்னால் தள்ளிவிட்டேன். ஏன் என்று கேட்டால் எனக்கே தெரியவில்லை. அப்போது இந்தப் புழுவை யாரும் பொட்டலம் கட்டி விற்கவில்லை. தானாக மண்ணில் இருந்திருக்கலாம், அவ்வளவுதான்.

2

1926. தெலுக் ஆன்சன்* பக்கம், ரப்பரை வெட்டிவிட்டுத் தென்னை வைத்த ஒரு தோட்டம். விடியற்காலையில் இருளாயி கூடையை எடுத்துக்கொண்டு... (வேண்டாம். எல்லாரும் விடியலில்தான் தொடங்குகிறார்கள்.)

வண்டு குருத்தைத் துளைத்துத் துளைத்து மரங்கள் சாகின்றன. "மரம் போச்சுன்னா நீங்க குடியிருக்கற லயத்தையும் காலி பண்ணச் சொல்லிடுவாங்க" என்று கங்காணி சொல்லிவிட்டார். குப்பைமேட்டைக் கிளறி வண்டுப்புழு பொறுக்குவது இருளாயியின் வேலை. அன்று கிளறினால் புழுக்களெல்லாம் செத்துக் கிடக்கின்றன. ஒன்றைப் பிதுக்கினாள். உள்ளே நூல்நூலாய் என்னவோ நெளிந்தது. கையை உதறிவிட்டுப் பின்வாங்கினாள்.

* இன்றைய தெலுக் இந்தான்.

3

அவள் பயந்தது சும்மா இல்லை. புருஷன் சன்னாசி வெளுத்துப்போய்ப் படுத்திருக்கிறான். மண்ணில் இருக்கும் சின்னப் புழு வெறுங்கால் வழியே ஏறி ரத்தத்தைக் குடிக்கிறது என்று, மருந்து கொடுக்கும் டிரசர் ஞானசேகரம் லயத்தில் படம் காட்டி விளக்கியிருந்தார். பிதுக்கிய புழுவை இலையில் ஏந்திக்கொண்டு அவரிடம் ஓடினாள்.

"உதுதான் அந்தப் புழு. மண்ணெண்ணெய் ஊத்தி மேட்டைக் கொளுத்திப்போடு" என்றார்.

"வண்டுப்புழுவைக் கொன்னிருக்கே ஐயா?"

"உன்ர மனுசனையும் கொல்லும்."

(அவரைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன். வரவில்லை. சன்னாசி பிழைக்க வேண்டும் என்றுதான் அவரும் நினைக்கிறார்.)

4

முடிவு ஒன்று: கொளுத்துகிறாள். வண்டு பெருகுகிறது, லயம் காலியாகிறது.

முடிவு இரண்டு: கொளுத்தவில்லை. மரம் பிழைக்கிறது. ஆனால்...

ஆனால் அந்த மேட்டோரம்தான் லயத்து ஆட்கள் ஒதுங்குவார்கள். அதிலிருந்து பெருகிக் காலில் ஏறும் புழுவும் அதே மண்ணில் இருக்கும். இதை எழுதும்போதுதான் எனக்கு உறைத்தது. நல்ல புழுவைக் காப்பாற்றக் கிளம்பிய எனக்கு இப்போது தலை சுற்றுகிறது.

இருளாயி தீப்பெட்டியோடு நிற்கிறாள். "என்ன பண்ணட்டும்?" என்கிறாள். நீங்களாவது சொல்லுங்கள். சீக்கிரம் சொல்லுங்கள். தனியாகப் போனாளே என்று சன்னாசி எழுந்து அந்த மேட்டுக்கு வந்துகொண்டிருக்கிறான், வெறுங்காலோடு.